ஆக்காட்டிக் கூடு பார்க்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டத்தில், வாலிநோக்கம் பக்கம் ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறேன். மாசியில் பாத்தி மிதிக்கத் தொடங்கினால் புரட்டாசி வரை வேலை இருக்கும். அதே மாதங்களில்தான் எங்கள் வரப்புகளிலும், மேற்கே கிடக்கும் தரவையிலும் (மழைக்குத் தண்ணீர் நிற்கிற மேய்ச்சல் வெளி) ஆக்காட்டி முட்டையிடுகிறது. சம்பளக் கணக்குக்கு ஒரு நோட்டு, ஆக்காட்டிக்கு ஒரு நோட்டு என்று பதினோரு வருடமாக எழுதி வருகிறேன்.

அது எப்படியோ வெளியே தெரிந்து, சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை, உச்சிப்புளி என்று பல ஊர்களிலிருந்து போன் வருகிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், கேமரா வைத்திருக்கும் தம்பிமார், வீடு கட்ட மனை வாங்கியவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, தெரிந்ததைச் சொல்லியிருக்கிறேன்.

ஆள்காட்டி, ஆட்காட்டி, ஆக்காட்டி... எல்லாம் ஒரே குருவிதானா?

ஒன்றுதான். எழுத்தில் ஆள்காட்டி, எங்கள் வாயில் ஆக்காட்டி. ஆள் வருவதைக் கத்திக் காட்டிக் கொடுப்பதால் வந்த பெயர். சங்கப் பாட்டில் இதைக் கணந்துள் என்கிறார்கள். அங்கேயும் இதே வேலைதான், வழிப்போக்கருக்கு ஆள் நடமாட்டத்தைக் கத்தி அறிவிப்பது.

குருவி என்று சொன்னாலும் உருவம் பெரியது, அலகிலிருந்து வால் வரை ஓரடிக்கு மேல் இருக்கும். தலையும் தொண்டையும் நெஞ்சும் கறுப்பு. கண்ணுக்கு முன்னால் சிவந்த சதை. சிவப்பு அலகின் நுனி மட்டும் கறுப்பு. கால் நீளமாக, மஞ்சளாக இருக்கும். கண்ணோரத்திலிருந்து ஒரு வெள்ளைப் பட்டை கழுத்து வழியாக வயிறு வரை இறங்கும். சத்தத்தை ஒரு தடவை கேட்டால் மறக்காது. "டிட்டிட்டீ டூயிட்" என்று நடுராத்திரியிலும் கத்தும்.

எங்க பொட்டல்ல இருக்கறதுக்கு மூக்குகிட்ட சிவப்பு இல்ல, மஞ்சளா இருக்கு. அது இதோட குஞ்சா?

இல்லை, அது வேறு இனம். மஞ்சள் மூக்கு ஆள்காட்டி. கொஞ்சம் சிறியது, தலையில் கறுப்புத் தொப்பி வைத்து அதைச் சுற்றி வெள்ளைக் கோடு இழுத்த மாதிரி இருக்கும், நெஞ்சு மண்நிறம். இந்தியத் துணைக்கண்டத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது.

சிவப்பு மூக்கு தண்ணீரை ஒட்டி இருக்கும். கண்மாய்க் கரை, ஊருணி, உப்பள வாய்க்கால் பக்கம் தேடலாம். மஞ்சள் மூக்குக்குக் காய்ந்த தரிசும் பொட்டலும் போதும். கீழே சொல்வதெல்லாம் சிவப்பு மூக்கை வைத்துத்தான் என்றாலும், பெரும்பாலும் மஞ்சள் மூக்குக்கும் பொருந்தும்.

எந்த மாசம் போனா கூடு பார்க்கலாம்?

மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை. என் நோட்டில் அதிகக் கூடுகள் பங்குனி, சித்திரையில்தான் இருக்கின்றன. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது தரவை முழுக்க முழங்கால் தண்ணீர் நிற்கும். அதற்குள் முட்டை, குஞ்சு எல்லாம் முடிந்து, குஞ்சுக்குச் சிறகும் வந்துவிட வேண்டும். வெயிலுக்கு ஈடு கொடுக்க இதனிடம் வழி உண்டு, வெள்ளத்துக்குக் கிடையாது.

கூடுன்னு சொல்றீங்க. நான் போய்ப் பார்த்தா வெறும் தரைதான் இருக்கு?

வெறும் தரைதான் கூடு. நெஞ்சை மண்ணில் அழுத்திச் சுற்றிச் சுற்றித் திரும்பி, ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடச் சிறிய குழி பறிக்கும். அதில் பொடிக்கல், சிப்பித் துண்டு, காய்ந்த ஆட்டுப் புழுக்கை என்று சுற்றுவட்டாரத்தில் கிடப்பதைப் போடும். எங்கள் வரப்பில் உப்புக் கட்டி போட்ட கூட்டைக்கூடப் பார்த்திருக்கிறேன். தரவையில், ஆடு மேய்க்கும் கீதாரிகள் கிடை போட்டு எழுந்துபோன இடத்தில் என்றால் புழுக்கைதான் நிறைய.

முட்டை களிமண் நிறம், மேலே கறுப்புத் திட்டுகள். கூர்முனைகள் நான்கும் நடுவை நோக்கிச் சேர்ந்திருக்கும். நீங்கள் நின்றுகொண்டு தேடினால் கண்ணுக்குப் படாது. தேடவும் வேண்டாம். பறவை எங்கே உட்காருகிறது என்று தூரத்திலிருந்து பாருங்கள், கூடு அங்கேதான்.

எத்தனை முட்டை? எத்தனை நாள்ல பொரிக்கும்?

பெரும்பாலும் நான்கு, சில சமயம் மூன்று. ஒரே நாளில் வராது, நான்கும் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கடைசி முட்டை வந்த பிறகுதான் முழுதாக அடையில் உட்காரும். அதனால் எல்லாக் குஞ்சும் ஒட்டி ஒட்டிப் பொரிக்கும். அடைக்காலம் 28 முதல் 30 நாள். நாளை எண்ணுகிறவர்கள் முதல் முட்டையிலிருந்து எண்ணிவிட்டு, "பொரிக்கவில்லையே" என்று பதறுகிறார்கள். கடைசி முட்டையிலிருந்து எண்ண வேண்டும்.

தரையில முட்டை கிடக்கு. ஆக்காட்டி முட்டைதான்னு எப்படிச் சொல்றது?

புதர் அடியில், புல்லுக்குள், திட்டே இல்லாத வெளிர் முட்டை ஆறு ஏழு இருந்தால் அது கௌதாரி. புள்ளியில்லாத பெரிய முட்டை என்றால் மயில். சருகின் மேல், குழிகூட இல்லாமல், இளஞ்சிவப்பு கலந்த இரண்டு முட்டை என்றால் பக்கி. கண்கிலேடியும் இரண்டுதான் இடும். கடற்கரை மணலில் சின்னதாக இரண்டோ மூன்றோ இருந்தால் ஆலாவோ உப்புக்கொத்தியோ. வெட்டவெளியில் திட்டுப் போட்ட நான்கு முட்டை என்றால் ஆக்காட்டி என்று நினைக்கலாம்.

உப்பளத்தில் மட்டும் ஒரு குழப்பம் உண்டு. ரோஜா நிறக் குச்சிக்கால் வைத்த நெடுங்கால் உள்ளானும் தண்ணீரோரத்தில் நான்கு முட்டை இடும், பார்வைக்கும் ஏறக்குறைய இதே மாதிரி. முட்டையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். விலகிப் போய்க் காத்திருந்து, எது வந்து உட்காருகிறது என்று பாருங்கள்.

எவ்வளவு தூரத்தில நின்னு பார்க்கணும்?

மீட்டர் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், 60, 70 மீட்டரில் தொடங்குங்கள். ஆனால் உண்மையான அளவுகோல் பறவையிடம்தான் இருக்கிறது. அது கூட்டைவிட்டு எழுந்துவிட்டால் நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள். தலையைத் தூக்கி அசையாமல் பார்த்தால் எல்லையில் நிற்கிறீர்கள். தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு கண்ணை மூடி மூடித் திறந்தால், அந்தத் தூரம் அதற்குச் சம்மதம்.

எங்கள் ஆட்கள் தினமும் உப்பு வாருகிற இடத்தில் இருபது மீட்டரில்கூட எழாது. அதே பறவை, வெள்ளைச் சட்டை போட்டுப் புதிதாக வருகிறவரைப் பார்த்தால் நூறு மீட்டரிலேயே கத்தும். அதனால் ஒருவருக்குப் பொருந்திய தூரத்தை அடுத்தவர் எடுத்துக்கொள்ளக் கூடாது.

என்னென்ன வாங்கணும்?

ஒரு பைனாகுலர், எட்டு மடங்கு போதும். நோட்டு, பென்சில், தொப்பி, தண்ணீர். மண்நிறச் சட்டை. கார் இருந்தால் அதற்குள்ளேயே உட்கார்ந்து பாருங்கள், வண்டியை அது அவ்வளவாகச் சட்டை செய்யாது. கரையில் கிடக்கும் வள்ளத்தின் நிழலும் நல்ல மறைப்பு. டிரோன் வேண்டவே வேண்டாம். பருந்து தலைக்கு மேல் நின்றால் எப்படியோ, அதற்கு டிரோனும் அப்படித்தான்.

ரெண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். அது சும்மாதான் உட்கார்ந்திருக்கு. என்னத்தைப் பார்க்கறது?

ஆள் மாறுவதைப் பாருங்கள். ஆணும் பெண்ணும் இரண்டுமே அடைகாக்கும், பெண்ணுக்குத்தான் நேரம் அதிகம். ஆண் சற்றுப் பெரியது என்றாலும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். அதனால் நான் 'அ', 'ஆ' என்றுதான் எழுதுவேன். மாற வருகிற பறவை கூட்டின் மேல் பறந்து வந்து இறங்காது. தள்ளி இறங்கி, நாலு எட்டு நடக்கும், நிற்கும், எதையோ கொத்துவது போலக் காட்டும், மறுபடி நடக்கும். உட்கார்ந்திருந்தது எழுந்து நடந்து விலகும். போகிற போக்கில் சின்னச் சின்னக் கற்களைக் கொத்தி, தோளுக்குப் பின்னால் கூட்டுப் பக்கம் எறியும். முதல் வாரம் வெறும் குழியாக இருந்தது நாலாவது வாரம் கல் விளிம்பு கட்டியிருப்பது இதனால்தான்.

மாறிய நேரம், மாற்றி உட்கார்ந்தது எது, எந்தத் திசையைப் பார்த்து உட்கார்ந்தது, எதைப் பார்த்து எச்சரித்தது, அவ்வளவும் எழுதுங்கள். சோளகக் காற்று வீசும் நாட்களில் காற்றை எதிர்த்து முகம் வைத்து உட்காருவதை நோட்டைப் புரட்டும்போதுதான் நான் கண்டுகொண்டேன். உட்கார்ந்து பார்த்த அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை.

உச்சி வெயில்ல முட்டை மேல உட்காராம எழுந்து நிக்குதே, விட்டுட்டுப் போயிருமா?

போகாது. அது நிழல் கொடுக்கிறது. கத்திரி வெயிலில் முட்டைக்குச் சூடு போதாமல் இருப்பதில்லை, அதிகமாவதுதான் ஆபத்து. அதனால் காலை அகட்டி, சிறகைக் கொஞ்சம் தளர்த்தி, வாயைத் திறந்து மூச்சு வாங்கியபடி, தன் நிழல் முட்டை மேல் விழுகிற மாதிரி நிற்கும். வெயில் சாயச் சாயத் தானும் திரும்பிக்கொள்ளும்.

இதனால்தான் காலை பதினொன்றிலிருந்து மூன்றரை வரை யாரும் கூட்டுப் பக்கம் போக வேண்டாம் என்று கெஞ்சுகிறேன். உங்களைப் பார்த்து அது எழுந்து போனால் முட்டை வெறும் வெயிலில் கிடக்கும். உள்ளே இருப்பது வெந்துபோகச் சில நிமிடங்கள் போதும். நீங்கள் ஒரு கல்லையும் எறிந்திருக்க மாட்டீர்கள், முட்டையைத் தொட்டிருக்கவும் மாட்டீர்கள். ஆனாலும் கூடு போய்விடும்.

நனைஞ்சுபோய் வந்து உட்காருது. குளிச்சிட்டு வருதா?

இந்தக் கேள்வி வந்தாலே எனக்கு மனசு நிறைந்துவிடும், கேட்டவர் நன்றாகப் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அது வயிற்று இறகில் தண்ணீர் கொண்டுவருகிறது.

எங்கள் போர்வெல் தொட்டி கசிந்து ஒரு சின்னக் குட்டை தேங்கும். ஒரு மே மாதம், மதியம் பன்னிரண்டரை, நான் கொட்டகைக்குள் இருந்தேன். ஆக்காட்டி ஒன்று குட்டையில் இறங்கி, கால் மடக்கி, நெஞ்சை முன்னும் பின்னும் ஆட்டியது. தண்ணீர் குடிக்கவில்லை, முதுகை நனைக்கவில்லை, வயிறு மட்டும்தான். எழுந்தபோது வெள்ளை வயிறு சாம்பலாகத் தொங்கியது, இறகு நுனியில் சொட்டு நின்றது. பறந்து போய் வரப்பில் இறங்கி நடந்தது. நடந்த வழியில் ஈரப் புள்ளிகள். நின்றுகொண்டிருந்த துணை விலகியதும், வந்தது முட்டை மேல் மெல்ல இறங்கி, இப்படியும் அப்படியும் உடம்பை அசைத்தது. அன்று மூன்று மணிக்குள் ஒன்பது தடவை எண்ணினேன். ஈரம் ஆவியாகும்போது முட்டையின் சூடு இறங்கும், நம் மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கு. குஞ்சு பொரித்த பிறகும் இப்படி நனைந்து வரும், குஞ்சுகள் இறகிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

தலையைக் கொத்த வர்ற மாதிரி பாயுதே. காயம் பண்ணுமா?

பெரும்பாலும் உரசாமல் விலகிவிடும். அது உங்களை விரட்டப் பார்க்கிறது, அவ்வளவுதான். சில சமயம் வேறு வேலையும் செய்யும். தூரத்தில் போய், முட்டையே இல்லாத இடத்தில் அடைகாப்பது போல உட்காரும். அல்லது சிறகு ஒடிந்தது போல இழுத்துக்கொண்டு ஓடும். நாய் அதைப் பிடிக்கத் துரத்தினால் கூட்டைவிட்டு வெகுதூரம் கூட்டிப் போய்விட்டுப் பறந்துவிடும்.

இதில் ஒன்றைப் பார்த்தாலும் வந்த வழியே திரும்பிவிடுங்கள். "சூப்பர் ஆக்‌ஷன் கிடைத்தது" என்று படம் எடுத்துக்கொண்டே நிற்பவர்களுக்குச் சொல்கிறேன், நீங்கள் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் முட்டைக்கு நிழல் இல்லாத நிமிடம். முந்தின பதிலுக்கு முந்தினதை இன்னொரு முறை படியுங்கள்.

தரவை முழுக்க ஆடு மேயுது. மிதிச்சிராதா?

மிதிபட்டுப் போவதும் உண்டு. ஆனால் மனிதனைக் கண்டதும் எழுந்து ஓடுகிற அதே பறவை, ஆட்டுக்கு எழாது. ஒரு சித்திரை மாதம் மாரியூர் போகிற வழியில், இருநூறு ஆடு இருக்கும், நேராகக் கூட்டைப் பார்த்து வந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. முதல் ஆட்டின் மூக்கு கிட்டே வரும்வரை உட்கார்ந்திருந்த ஆக்காட்டி, சட்டென்று எழுந்து இரண்டு சிறகையும் விரித்து, வெள்ளையும் கறுப்பும் தெரிய, அலறியது. ஆடு திடுக்கிட்டு ஒதுங்கியது. பின்னால் வந்தவையும் ஒதுங்கின. வாய்க்காலில் கல் கிடந்தால் தண்ணீர் பிரிந்து போவது போல மந்தை இரண்டாகப் பிரிந்து போய் மறுபக்கம் சேர்ந்தது.

கூட வந்த கீதாரியிடம் சொன்னேன். "எனக்குத் தெரியும் தம்பி, நேத்தும் இப்படித்தான் நின்னுச்சு. நாளைக்கு அந்தப் பனைக்கு அங்கிட்டு ஓட்டிக்கிறேன்" என்றார். ஓட்டிக்கொண்டார். தரவையில் கூடு எங்கே இருக்கிறது என்று கீதாரிகளுக்குத் தெரிவது போல வேறு யாருக்கும் தெரியாது. பறவை பார்க்க வருகிறவர்கள் முதலில் அவர்களிடம் வணக்கம் சொல்லிப் பேசுங்கள்.

திரும்பக் கண்டுபிடிக்கணும்ல, பக்கத்தில ஒரு குச்சி நட்டு வைக்கலாமா?

கூடாது. நான் செய்த தப்பு இது. இரண்டாவது வருடம், கூட்டிலிருந்து இரண்டடி தள்ளி ஒரு கருவேலங்குச்சி நட்டு, சிவப்புத் துணியும் கட்டினேன். வெட்டவெளியில் ஒரு குச்சி நின்றால் காக்காய்க்கு அதைவிட நல்ல இடம் எது? மறுநாள் காலையில் குச்சி மேல் காக்காய் எச்சம், கீழே ஓடு மட்டும். இரண்டு ஆக்காட்டியும் மதியம் வரை அந்த இடத்தைச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. அந்தக் கத்தல் இப்போதும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து தூரத்து அடையாளம் இரண்டை வைத்துக்கொள்கிறேன். தெற்கே மொட்டைப் பனை, கிழக்கே மூன்றாவது உப்பு அம்பாரம், நான் நிற்கிற இடம் மதகு என்று நோட்டில் படம் போட்டால் போதும், கூடு கண்ணுக்கு வந்துவிடும்.

காக்கா, நாய், கீரி வந்தா விரட்டலாமா? வலை போட்டு மூடி வச்சா பத்திரமா இருக்குமே?

வலை வேண்டாம். பறவையே உள்ளே வராமல் போகலாம், இல்லையென்றால் காலில் சிக்கும். காக்காயையும் பருந்தையும் அதுவே துரத்தும், பக்கத்து ஜோடியும் சேர்ந்துகொள்ளும். நாம் குறுக்கே ஓடினால் இரண்டு பக்கமும் குழப்பம்தான்.

நாய் விஷயம் வேறு, அது நம் பொறுப்பு. மீன் கழிவையும் சாப்பாட்டு மிச்சத்தையும் கரையில் கொட்டுவதால்தான் நாயும் காக்காயும் பெருகி இங்கே வருகின்றன. எங்கள் கொட்டகையில் மிச்சத்தைக் குழிக்குள் போட்டு மூட ஆரம்பித்த வருடத்திலிருந்து வரப்பில் நாய்த் தடம் குறைந்திருக்கிறது. கூடு பார்க்க வருகிறவர்கள் வீட்டு நாயைக் கூட்டி வராதீர்கள், சங்கிலி போட்டும் வேண்டாம்.

முட்டையை மனுஷன் தொட்டா தாய் திரும்ப வராதாமே?

மனித வாடைக்காக ஆக்காட்டி கூட்டை விடாது. எங்கள் ஆள் ஒருவர் தெரியாமல் வாருபலகையால் தள்ளிவிட்டு, முட்டையைப் பழைய இடத்திலேயே எடுத்து வைத்தார், கால் மணி நேரத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் இதைக் கேட்டுவிட்டு யாரும் தொட வேண்டாம். நீங்கள் நடந்து போன தடமும் மோப்பமும் கூடுவரை ஒரு வழி போட்டுக் கொடுக்கும், அந்த வழியே நாய் வரும். நீங்கள் குனிந்து நின்ற இடத்தைக் காக்காயும் பார்த்துக்கொண்டிருக்கும்.

முப்பது நாள் தாண்டியாச்சு. இன்னும் உட்கார்ந்தே இருக்கு. என்ன பண்றது?

எண்ணிக்கையை முதலில் சரிபாருங்கள், கடைசி முட்டையிலிருந்துதானே எண்ணினீர்கள்? சரியாக எண்ணியும் தாண்டியிருந்தால் முட்டை கருக்கூடாமல் இருக்கலாம், வெயிலில் கெட்டுப்போயிருக்கலாம். சில ஜோடிகள் அப்படியும் உட்கார்ந்திருக்கும். அதுவாகவே ஒரு நாள் எழுந்துவிடும். காலம் இருந்தால் வேறிடத்தில் மறுபடி குழி பறிக்கும். முட்டையை ஆட்டிப் பார்ப்பது, தண்ணீரில் போட்டுப் பார்ப்பது எதுவும் வேண்டாம்.

நேத்து நாலு முட்டை இருந்துச்சு, இன்னைக்கு ஒண்ணுமே இல்ல. யாரோ எடுத்துட்டாங்களா?

நாளைப் பாருங்கள். 28 நாள் ஆகியிருந்தால் பொரித்துப் போயிருக்கும். ஆக்காட்டிக் குஞ்சு கண் திறந்து, பஞ்சு போர்த்தித்தான் வெளியே வரும். ஈரம் காய்ந்த சில மணி நேரத்தில் நடந்துவிடும், இரையையும் தானே கொத்தும். ஓட்டின் உள்பக்க வெள்ளை காட்டிக் கொடுக்கும் என்பதால் பெரியவை அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிடும். அதனால் பொரித்த கூடு பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், பொடி ஓட்டுச் சில்லு மட்டும் கிடைக்கலாம். மஞ்சள் கரு ஒழுகியிருந்தாலோ பெரிய உடைந்த ஓடு கிடந்தாலோதான் வேறு காரணம்.

குஞ்சு ஒண்ணு தனியா அசையாம கிடந்துச்சு. பாவமேன்னு வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துட்டேன்...

உடனே திருப்பிக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே விடுங்கள். அது தனியாக இல்லை. பெரியது கத்தியதும் குஞ்சு இருந்த இடத்திலேயே தரையோடு ஒட்டிக்கொள்ளும், அபாயம் போனது என்ற குரல் வரும்வரை அசையாது. தலைக்கு மேல் சுற்றிக் கத்திக்கொண்டிருந்ததே, அதுதான் தாயும் தகப்பனும். சில மணி நேரம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, குரலை வைத்துச் சேர்த்துக்கொள்ளும். பாலும் சோறும் ஊட்டாதீர்கள். பெரியவை கண்ணில் படவே இல்லையென்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

தார்ச்சாலை நடுவில் கிடந்தால் மட்டும், அது போய்க்கொண்டிருந்த பக்கத்து ஓரத்தில் தூக்கி வைத்துவிட்டு விலகுங்கள். சரியாகப் பறக்க ஐந்து வாரத்துக்கு மேல் ஆகும், அதுவரை ஓட்டமும் ஒளிவதும்தான் அதற்குத் தற்காப்பு.

மல்லாந்து படுத்து காலால வானத்தைத் தாங்கும்னு பாட்டி சொல்லும். மேட்டில முட்டையிட்டா மழை நிறைய வரும்னும் சொல்றாங்களே?

வானத்தைத் தாங்கும் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் ஆக்காட்டி மல்லாந்து படுப்பதில்லை, நின்றோ உட்கார்ந்தோ தூங்கும், அதுவும் அரைத் தூக்கம். நிலா வெளிச்சத்தில் இரைகூடத் தேடும். மழைக் கணக்கு ராஜஸ்தான், குஜராத் பக்கம் பலமாக இருக்கிற நம்பிக்கை. நம் கூடுகள் சித்திரையில், பெருமழை ஐப்பசியில். ஆறு மாதம் முன்னாலேயே அதற்குத் தெரியும் என்பதற்கு என் நோட்டில் சான்று இல்லை. வரப்பு மேடு என்பதால் வரப்பில் இடுகிறது.

தனுஷ்கோடி மணல்ல பொடிசா ஒண்ணு ஓடுது, அதுவும் தரையிலதான் முட்டையிடுமாமே?

அது உப்புக்கொத்தி. சிட்டுக்குருவியைவிடச் சற்றுப் பெரியது, சக்கரம் கட்டியது போல ஓடும், சடக்கென்று நிற்கும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வந்து போகிறவை பல வகை. இங்கேயே வருடம் முழுவதும் தங்கி முட்டையிடுகிற ஒன்றும் உண்டு. இலங்கையிலும் தென்னிந்தியக் கரையிலும் வாழும் அந்தப் பறவையை 1915-ல் தனியாகப் பெயரிட்டு, பிறகு கெண்டிஷ் உப்புக்கொத்தியோடு சேர்த்துவிட்டார்கள். 2023-ல் அது தனி இனம்தான் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். சேதுக் கரையின் பறவை என்பதால் ஆங்கிலத்தில் அனுமன் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அதற்கும் தரையில் ஒரு சின்னப் பள்ளம்தான் கூடு, முட்டை இரண்டு, மூன்று. அடும்பங்கொடிக்கும் ராவணன் மீசைப் புல்லுக்கும் இடையில் இருக்கிற வெறும் மணலில் இடும். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகும் வண்டியை மணலில் இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து இறக்காதீர்கள். ஆக்காட்டி கத்தியாவது சொல்லும். இது சத்தமில்லாமல் ஓடிவிடும், சக்கரத்தின் கீழ் என்ன போனது என்றே தெரியாது.

படம் எடுத்துப் போடலாமா? ஈபேர்டில கூட்டைப் பதிவு பண்ணலாமா?

மேலே சொன்ன தூரத்திலிருந்து எடுத்தால் எடுங்கள், பறவை எழாமல். குஞ்சு போன பிறகு போடுங்கள். ஊர்ப் பெயர் போதும், இடக்குறி வேண்டாம். பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளமான ஈபேர்டில் இனப்பெருக்கக் குறியீடுகள் இருக்கின்றன, அடைகாக்கிறது, கவனம் திருப்புகிறது என்று தனித்தனியாகப் போடலாம். அதற்கு முட்டையைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. இடத்தைக் கூட்டின் மேல் குத்தாமல், அந்தக் கண்மாய் அல்லது தரவையின் பேரில் போடுங்கள்.

எங்க ஊர்ல முட்டையை எடுத்து அவிச்சுத் திம்பாங்க. சட்டம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்கு உள்ளேயே காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும். சரணாலயத்துக்கு வெளியே, நம் சொந்த வயலில் என்றாலும் அதே சட்டம்தான்.

ஆனால் பிள்ளைகளிடம் நான் சட்டத்தைச் சொல்வதில்லை. பைனாகுலரைக் கொடுத்து ஆள் மாறுவதைக் காட்டுகிறேன். கற்களை எறிவதை ஒரு தடவை பார்த்த பையன் அந்தக் கூட்டுக்குத் தானே காவல்காரனாகிவிடுகிறான்.

வீட்டு மனையில கூடு வச்சிருச்சு. அடுத்த வாரம் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டணும். முட்டையை அப்படியே தள்ளி வச்சா வராதா?

நகர்த்தாதீர்கள். அதற்கு இடம்தான் அடையாளம். பத்தடி தள்ளி வைத்தால், முட்டை கண்ணில் பட்டாலும் பழைய குழியிலேயே போய் உட்காரப் பார்க்கும். சட்டமும் அனுமதிக்காது. முதலில் கேட்க வேண்டியது, அடையில் உட்கார்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. அக்கம்பக்கத்தில் விசாரித்தால் கத்தல் என்றைக்கு ஆரம்பித்தது என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அதிகபட்சம் 30 நாள். பொரித்த மறுநாள் மனையே காலி.

போன வருடம் பெரியபட்டினம் பக்கத்திலிருந்து ஒருவர் இதையே கேட்டார். நாள் குறித்தாகிவிட்டது, கொத்தனாருக்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. போய்ப் பார்த்தேன். கூடு வடமேற்கு மூலையில் இருந்தது. தென்கிழக்கில் பூஜையைப் போட்டு, அந்தப் பக்கத்துக் காம்பவுண்டு அஸ்திவாரத்தை முதலில் எடுக்கச் சொன்னோம். செங்கல்லும் ஜல்லியும் இறக்கும் வண்டி கிழக்கு வாசலோடு நின்றது. கூட்டிலிருந்து நாற்பதடியில் ஒரு கயிறு கட்டி, அதைத் தாண்டக் கூடாது என்று கொத்தனாரே ஆட்களிடம் சொல்லிவிட்டார். முதல் இரண்டு நாள் ஆக்காட்டி ஓயாமல் கத்தியது, மூன்றாம் நாள் சிமெண்டு கலக்கிற சத்தத்துக்கு நடுவிலேயே உட்கார்ந்திருந்தது. பத்தொன்பதாம் நாள் காலை அவர் போன் செய்தார். "அண்ணே, மூணு குஞ்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிருச்சு. நாலாவது முட்டை மட்டும் அப்படியே கிடக்கு, அதை என்ன செய்யறது?" ஒரு நாள் விட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் அதையும் காக்காய் எடுத்துக்கொண்டது. கயிறை அவிழ்த்துவிட்டு அந்த மூலையையும் தோண்டினார்கள்.